முதலிடம் இல்லாத நெடும்பயணம்

பிரெவே என்பது குறித்த தூரத்தைக் குறித்த நேரத்துக்குள் சைக்கிளில் கடந்து முடிக்கும் நெடுந்தூர ஓட்டம். வழியில் வெளியாரின் உதவி கூடாது. 200 கி.மீ. ஓட்டத்துக்கு 13 மணி 30 நிமிடம் கெடு; 300-க்கு 20 மணி, 400-க்கு 27 மணி, 600-க்கு 40 மணி, 1,000-க்கு 75 மணி. கெடுவுக்குள் வந்தவர் எல்லோரும் தேறியவர்கள். முதலாமவர், இரண்டாமவர் என்ற கணக்கு கிடையாது. பரிசுத் தொகையும் கிடையாது. முடிவுப் பட்டியலில் பெயர்கள் அகரவரிசையில் நிற்கும். ஏழு மணி நேரத்தில் 200 கி.மீ. முடித்துக் குளித்துவிட்டுத் தூங்கப் போனவரும், கெடு முடிய ஐந்து நிமிடம் இருக்கையில் வந்து சைக்கிளைச் சுவரில் சாய்த்தவரும் அந்தப் பட்டியலில் அக்கம்பக்கத்தில் இருப்பார்கள். பிரெஞ்சு மொழியில் பிரெவே என்றால் சான்றிதழ். இந்த ஓட்டக்காரரை ரேண்டனர் என்கிறார்கள். சென்னையிலும் கோவையிலும் சைக்கிள்காரர்கள் வாயில் இது சுருக்கமாக ‘பி.ஆர்.எம்.’.

பொதுமக்கள் கலந்துகொள்ளக்கூடிய சைக்கிள் நிகழ்வுகள் பலவகை. உரிமம் பெற்ற வீரர்களின் பந்தயம் தனி உலகம். அதில் புகச் சிறு வயதிலேயே தொடங்க வேண்டும். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் 1978 முதல் நடக்கும் 109 கி.மீ. ஓட்டம் போன்றவை ஒருநாள் திருவிழாக்கள். சாலையையே அடைத்துவிட்டு ஆயிரக்கணக்கானோரை ஓடவிடுவார்கள். பிரான்சில் 1993-இல் தொடங்கிய ‘எத்தாப் து தூர்’ நிகழ்வில், டூர் டி பிரான்ஸ் வீரர்கள் ஏறும் மலைப்பாதை ஒன்றில் சாதாரண ஆட்களும் ஒரு நாள் ஏறிப் பார்க்கலாம். நீலகிரியைச் சுற்றி 2008 முதல் நடந்துவரும் ‘டூர் ஆஃப் நீல்கிரீஸ்’ பல நாள் சுற்றுலா வகை. மூட்டைகளைச் சுமக்க வண்டி உண்டு, இரவில் தங்க இடம் உண்டு. பிரெவேயில் இவை எதுவும் இல்லை. சாலை அடைக்கப்படுவதில்லை. லாரியும் பேருந்தும் வழக்கம்போல் போகும். ஓட்டக்காரரிடம் இருப்பது ஓர் அட்டை, ஒரு வழித்தடம், ஒரு கடிகாரம்.

இதன் தாய், பாரிஸிலிருந்து பிரெஸ்ட் துறைமுகம் வரை போய்த் திரும்பும் 1,200 கி.மீ. ஓட்டம். 1891-இல் ‘லெ பெத்தி ஜூர்னால்’ நாளிதழின் பியேர் ஜிஃபார் அதைத் தொடங்கினார். சைக்கிள் என்பது பூங்காவில் ஓட்டும் விளையாட்டுப் பொருளா, ஊர்விட்டு ஊர் போக உதவும் வாகனமா என்பதே அன்று ஐயமாக இருந்தது. அந்த ஐயத்தைத் தீர்ப்பதோடு பத்திரிகை விற்பனையைக் கூட்டுவதும் நோக்கம் என்பதில் ஒளிவுமறைவு இல்லை. பிரெஞ்சு ஆண்களுக்கு மட்டுமே இடம்; பதிவு செய்ய முயன்ற பெண்களுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. கிளம்பும்போது சைக்கிளில் முத்திரை வைத்துவிடுவார்கள். அதே வண்டியில்தான் திரும்ப வேண்டும். 207 பேர் கிளம்பினார்கள். காற்றடைத்த டயர் வந்து மூன்றே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ஷார்ல் தெரோன் கழற்றி மாட்டக்கூடிய மிஷ்லன் டயரிலும், ஜியேல்-லவால் டன்லப் டயரிலும் ஓட்டினார்கள். மூன்றாம் இரவு லவால் சற்றே கண்ணயர்ந்தார். தெரோன் தூங்கவில்லை, சத்தமில்லாமல் அவரைத் தாண்டிப் போய், கிளம்பி 71 மணி 22 நிமிடத்தில் பாரிஸ் சேர்ந்தார். தூங்குவதா, வேண்டாமா என்ற கேள்வி இந்த ஓட்டத்தை விட்டு இன்றுவரை நீங்கவில்லை.

இவ்வளவு கடுமையான ஓட்டத்தை ஆண்டுதோறும் நடத்த முடியாது என்று பத்தாண்டுக்கு ஒருமுறை வைத்தார்கள். 1901-இல் வென்ற மோரிஸ் காரன், இரண்டு ஆண்டு கழித்து முதல் டூர் டி பிரான்ஸையும் வென்றார். 1910-இல் ஒரு பிரெஞ்சு அடுமனைக்காரர் இந்த ஓட்டத்தின் நினைவாகச் சைக்கிள் சக்கர வடிவில் உள்ளே க்ரீம் வைத்த பலகாரம் ஒன்றைச் செய்தார். ‘பாரிஸ்–பிரெஸ்ட்’ என்ற பெயரில் அது இன்றும் பிரெஞ்சு இனிப்புக் கடைகளில் கிடைக்கிறது. அதைத் தின்பவர்களில் பெரும்பாலோர் சைக்கிள் மிதிக்காதவர்கள். 1931-இல் வென்றவர் ஆஸ்திரேலியர் ஹூபர்ட் ஒப்பர்மன், 49 மணி 23 நிமிடத்தில்; பிற்காலத்தில் அவர் தன் நாட்டில் அமைச்சரானார். தொழில்முறை வீரர்களின் கடைசி ஓட்டம் 1951-இல் நடந்தது. முடிவுக்கு 22 கி.மீ. இருக்கும்போது, முன்னணியில் இருந்த மோரிஸ் தியோவுடன் வந்த எதுவார் முல்லருக்குப் பஞ்சர் ஆனது. தியோ அவரை விட்டுவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை, பஞ்சர் சரியாகும்வரை காத்திருந்தார். பிறகு இருவரும் சேர்ந்து பாரிஸுக்குள் நுழைந்து, கடைசி ஓட்டத்தில் தியோ வென்றார். 38 மணி 55 நிமிடம். அதன்பின் 1956-இலும் 1961-இலும் பந்தயம் நடத்த முயன்றபோது போதிய வீரர்கள் சேரவில்லை. ஒரே நாளில் ஊர்த்திடலைச் சுற்றிவந்து காசு பார்க்கும் பந்தயங்கள் பெருகிவிட்ட காலத்தில், மூன்று நாள் உடம்பை வருத்த யாருக்கும் மனமில்லை.

பந்தயம் செத்தது, ஓட்டம் சாகவில்லை. அதைக் காப்பாற்றியவர்கள் சாதாரண சைக்கிள்காரர்கள். அவர்கள் மரபின் வேர் இத்தாலியில் இருக்கிறது. 1897 ஜூன் 12 அன்று 12 இத்தாலியர்கள் ரோமிலிருந்து நேப்பிள்ஸ் வரை 230 கி.மீ. தூரத்தைப் பகல் வெளிச்சத்துக்குள் ஓட்டி முடித்தார்கள். அந்தத் துணிச்சலுக்கு ‘ஆடாக்ஸ்’ என்று பெயர் வந்தது; லத்தீனில் துணிந்தவர் என்று பொருள். டூர் டி பிரான்ஸைத் தொடங்கிய ஆன்ரி தெக்ராஞ்ச் 1904-இல் இந்த முறையைப் பிரான்சுக்குக் கொண்டுவந்தார். அதே ஆண்டு ஆடாக்ஸ் க்ளப் பாரிசியன் என்ற சங்கம் பிறந்தது. அன்றைய விதிப்படி எல்லோரும் ஒரு தலைவனின் பின்னால் ஒரே வேகத்தில், கூட்டமாக ஓட்ட வேண்டும். முந்தக் கூடாது, பின்தங்கவும் கூடாது. திருமண ஊர்வலத்தில் நாதஸ்வரக்காரர் நடைக்கு ஏற்ப எல்லோரும் நடப்பது போன்ற ஏற்பாடு.

1921 வாக்கில் தெக்ராஞ்சுக்கும் சங்கத்துக்கும் மனத்தாங்கல் வந்தது. ஆடாக்ஸ் ஓட்டம் நடத்தும் உரிமையை அவர் திரும்பப் பெற்றுக்கொண்டார். சங்கம் சோர்ந்துவிடவில்லை, ஒவ்வொருவரும் தத்தம் வேகத்தில் ஓட்டும் பிரெவேக்களை அதே ஆண்டில் தொடங்கியது. கூட்டமாகச் சேர்வதும் தனியே போவதும் அவரவர் விருப்பம். இன்று உலகெங்கும் நடப்பது இந்த வகைதான். 1931-இல் தொழில்முறைப் பந்தயத்தோடு சாதாரண ஓட்டக்காரர்களுக்கும் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் வழி திறந்தது. நாற்பதாண்டுக்கு முன் மறுக்கப்பட்ட பெண்களும் அந்த ஆண்டு சாலையில் இருந்தார்கள். 1975 முதல் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. பல நாட்டுச் சங்கங்களை இணைக்கும் உலக அமைப்பு 1983-இல் உருவானது. ஒரு மனத்தாங்கலிலிருந்து பிறந்த விதிமுறை, கண்டங்கள் தாண்டிப் பரவிவிட்டது.

பிரெவேயின் மையம் அந்த அட்டை. மடித்துச் சட்டைப்பையில் வைக்கும் அளவில் இருக்கும். வழியில் உள்ள சோதனை நிலையங்களின் பெயரும், ஒவ்வொன்றும் எப்போது திறக்கும், எப்போது மூடும் என்ற நேரமும் அதில் இருக்கும். நிலையத்துக்கு வந்தால் முத்திரையும் நேரமும் பதிவாகும். ஆளில்லாத இடமாக இருந்தால் அங்கே போனதற்கு ஏதாவது சான்று வேண்டும். இந்தியாவில் இதற்குக் கண்டுபிடித்த வழி ஏ.டி.எம். சீட்டு: நேரமும் இடமும் அச்சாகி வரும், இரவு இரண்டு மணிக்கும் கிடைக்கும். கணக்கில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதையும் அது சேர்த்துக் காட்டிவிடுவது ஒரு சங்கடம். டீக்கடைப் பில், மைல்கல் அருகே எடுத்த படம் ஆகியவையும் செல்லும். இப்போது பல இடங்களில் கைபேசிச் செயலி வந்துவிட்டது. குறுக்குவழியில் போகிறவர்களைப் பிடிக்க, முன்கூட்டிச் சொல்லாத ரகசிய நிலையங்களும் உண்டு.

நேரக் கணக்கு எளிது. முதல் 600 கி.மீ. வரை மணிக்கு 15 கி.மீ. சராசரி இருந்தால் போதும். கேட்பதற்குச் சின்ன வேகம்தான். பால்காரர்கூட அதைவிட வேகமாகப் போவார். ஆனால் அந்தச் சராசரியில் சாப்பாடு, சிறுநீர், பஞ்சர், மழைக்கு ஒதுங்கல், தூக்கம் எல்லாம் அடக்கம். கடிகாரம் எதற்கும் நிற்காது. அதிவேகமாகப் போவதற்கும் தடை உண்டு: முதல் 200 கி.மீ.க்கு மணிக்கு 34 கி.மீ. கணக்கில் நிலையம் திறக்கும். அதாவது 5 மணி 53 நிமிடத்துக்கு முன் வந்து நின்றால் கதவு மூடியிருக்கும். காலை 6 மணிக்கு 600 கி.மீ. ஓட்டத்தைத் தொடங்கிய ஒருவர் 400-ஆவது கி.மீ.யை மறுநாள் விடிகாலை 4 மணிக்கு எட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 22 மணி நேரம் செலவாகியிருக்கிறது. அந்த நிலையம் மூட 26 மணி 40 நிமிடம். கையில் 4 மணி 40 நிமிடம் மிச்சம். அதில் மூன்று மணி நேரம் தூங்கலாமா, அல்லது அடுத்த 200 கி.மீ.யில் வரப்போகும் வெயிலுக்கும் எதிர்காற்றுக்கும் சேமித்து வைக்கலாமா என்பதை, மூளை ஏறக்குறைய வேலைநிறுத்தம் செய்துவிட்ட அந்த வேளையில் முடிவு செய்தாக வேண்டும். தூக்கத்தை மிதித்துச் சம்பாதிக்க வேண்டிய விளையாட்டு இது.

தன்னுதவி விதிதான் பிரெவேயின் குணத்தைத் தீர்மானிக்கிறது. சோதனை நிலையங்களைத் தவிர வேறெங்கும் வண்டி வைத்து ஆள் பின்தொடரக் கூடாது. மனைவி காரில் வந்து ஃப்ளாஸ்கில் காப்பி கொடுத்தால் ஓட்டம் செல்லாது. ஆனால் வழியில் இருக்கும் கடையில் யாரும் எதையும் வாங்கலாம். உடன் ஓட்டுபவர் உதவலாம். இந்த இரண்டும் சேர்ந்து ஒரு விந்தையான விளைவைத் தருகின்றன. வெளியுதவியை அடைத்துவிட்டதால், ஓட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் சார்ந்தே ஆக வேண்டியிருக்கிறது. முந்துவதால் லாபம் ஒன்றும் இல்லாததால், நிற்பதிலும் நஷ்டம் குறைவு. இரவில் சாலையோரம் தலைகீழாகச் சைக்கிளை நிறுத்தி ஒருவர் குனிந்திருந்தால், பின்னால் வரும் விளக்கு நின்று ‘எல்லாம் இருக்கா?’ என்று கேட்கும். ட்யூப் இருக்கிறதா, பம்ப் இருக்கிறதா, வெளிச்சம் போதுமா என்பதெல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கும். பந்தயத்தில் எதிரியின் பஞ்சர் நல்ல செய்தி. இங்கே அது பத்து நிமிட நிழற்குடை அரட்டை.

குழுவாக ஓட்டுவதற்கென்றே ‘ஃப்ளெஷ்’ என்ற வகையும் உண்டு. மூன்று முதல் ஐந்து சைக்கிள்கள் ஓர் அணி. 24 மணி நேரத்தில் குறைந்தது 360 கி.மீ. போக வேண்டும், ஓரிடத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது, கடைசி இரண்டு மணியில் 25 கி.மீ. ஓட்டியிருக்க வேண்டும். அதாவது 22 மணி நேரத்தில் வேகமாக முடித்துவிட்டு ஊர் எல்லையில் படுத்துறங்கும் தந்திரம் செல்லாது. பிரான்சில் இந்த ஓட்டத்துக்கு வெலோசியோவின் பெயரை வைத்திருக்கிறார்கள். பால் தெ விவி என்ற இயற்பெயருடைய அவர் (1853–1930) செயின்ட் எத்தியென் நகரத்துக்காரர். 1887-இல் ஒரு சைக்கிள் இதழ் தொடங்கினார். கியர் மாற்றும் பொறியை ஊரெல்லாம் கேலி செய்த காலத்தில் அதற்காக வாதாடினார். டூர் டி பிரான்ஸில் கியர் மாற்றும் பொறிக்கு அனுமதி கிடைக்க 1937 வரை ஆனது. பசிக்கும் முன் சாப்பிடு, தாகத்துக்கு முன் குடி என்ற அவருடைய அறிவுரையை, அவர் பெயர் தெரியாதவர்கள்கூட இன்று சொல்கிறார்கள்.

அந்த அறிவுரைக்கு உடலியல் காரணம் உண்டு. நெடுநேர உழைப்பில் குடல் ஒரு மணி நேரத்தில் சுமார் 60 கிராம் குளுக்கோஸைத்தான் உறிஞ்ச முடியும். ஏறக்குறைய இரண்டு பெரிய வாழைப்பழம். பசி வந்தபின் ஒரு தட்டு பிரியாணியை இறக்கினால் இந்த வரம்பு மாறிவிடாது, வயிறுதான் கல்லாகும். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக, ஓயாமல் தின்ன வேண்டும். கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், உப்பு பிஸ்கட், இட்லி, தயிர்சாதம், இளநீர் என்று தமிழ்நாட்டுச் சாலையோரம் இதற்கு வாய்ப்பாகவே அமைந்திருக்கிறது. வெயிலில் வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடிப்பதிலும் ஆபத்து இருக்கிறது: இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். அதைச் சோர்வு என்று நினைத்து இன்னும் தண்ணீர் குடிப்பவர் நிலையை மோசமாக்கிக்கொள்கிறார். உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலமும் மோரும் அதற்குத்தான்.

கால்களைப் பற்றித்தான் புதியவர்கள் கவலைப்படுகிறார்கள். உண்மையில் ஓட்டத்தைப் பாதியில் முறிப்பவை வேறு இடங்கள். சீட்டில் உராய்ந்து புண்ணாகும் தொடையிடுக்கு, கைப்பிடியில் அழுந்தி நரம்பு மரத்துப்போகும் சுண்டுவிரலும் மோதிரவிரலும், நிமிர்ந்து பார்த்துப் பார்த்துத் தளரும் கழுத்து. 1,000 கி.மீ. தாண்டிய சிலருக்குக் கழுத்துத் தசைகள் தலையைத் தாங்க மறுத்து, மோவாய் நெஞ்சில் தொங்கிவிடுவதும் உண்டு. 1980-களில் அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் பந்தயத்தில் இதற்கு ஆளான மைக்கேல் ஷெர்மரின் பெயரே அந்தக் கோளாறுக்கு வந்துவிட்டது. சீட்டின் உயரமும் கைப்பிடியின் தூரமும் சில மில்லிமீட்டர் தவறினாலும் 50 கி.மீ.யில் தெரியாது, 300-இல் அழவைக்கும். விலையுயர்ந்த சைக்கிள் வாங்குவதற்கு முன் இருக்கிற சைக்கிளை உடம்புக்கு ஏற்றபடி பொருத்திக்கொள்வது மேல் என்று பழைய ரேண்டனர்கள் சொல்வதைப் புதியவர்கள் பெரும்பாலும் இரண்டாம் சைக்கிள் வாங்கிய பிறகே கேட்கிறார்கள்.

எல்லாவற்றிலும் கொடியது தூக்கம். ஓட்டிக்கொண்டே கண் இமைப்பொழுது செருகுவதை ஓட்டக்காரரே அறியமாட்டார்; சைக்கிள் வெள்ளைக்கோட்டை விட்டு விலகிய பிறகு உடம்பு திடுக்கிடும். மரம் ஆளாகத் தெரியும், மைல்கல் நாயாகத் தெரியும். நான்குவழிச் சாலையில் லாரிகளோடு போகும்போது இது விளையாட்டல்ல. பேருந்து நிழற்குடை, பெட்ரோல் பங்க், கோயில் மண்டபம், மூடிய கடையின் திண்ணை என்று கிடைத்த இடத்தில் இருபது நிமிடம் படுத்தெழுவதே அறிவு. அந்த இருபது நிமிடத்தை வீணென்று நினைப்பவர்களால்தான் இந்த விளையாட்டுக்குக் கெட்ட பெயர் வருகிறது.

ஒரே பருவத்தில் 200, 300, 400, 600 நான்கையும் முடித்தவர் ‘சூப்பர் ரேண்டனர்’. பருவம் நவம்பரில் தொடங்கி அக்டோபரில் முடியும். பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் நடக்கும் ஆண்டில் இந்த நான்கையும் முடித்திருப்பதுதான் அதில் ஓடத் தகுதி. 2019, 2023 இரு முறையும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் கிளம்பினார்கள், அடுத்தது 2027-இல். பாரிஸுக்குத் தென்மேற்கே உள்ள ராம்பூயே நகரத்திலிருந்து சில நூறு பேராக, கால் மணிக்கு ஓர் அலையாக விடுகிறார்கள். 80 மணி, 84 மணி, 90 மணி என்று மூன்று கெடு. எது வேண்டுமென்று ஓட்டக்காரரே முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலோர் எடுப்பது 90. படுத்துக்கொண்டு மிதிக்கும் சைக்கிள், இருவர் மிதிக்கும் டேண்டம், மடக்குச் சைக்கிள், மீன் வடிவக் கூட்டுக்குள் புகுந்து மிதிக்கும் மூன்று சக்கர வண்டி என்று மனிதக் காலால் ஓடும் எதற்கும் இடமுண்டு.

வழியில் பெரிய மலை எதுவும் இல்லை. மிக உயர்ந்த இடமே 400 மீட்டருக்குக் குறைவு. ஆனால் மேடும் பள்ளமும் ஓய்வதில்லை. ஏறிய உயரத்தையெல்லாம் கூட்டினால் ஏறத்தாழ 12,000 மீட்டர் வரும். கடற்கரைச் சமவெளியில் பழகிய கால்களுக்கு இது புரியாத பாடம். ஆகஸ்ட் மாதம்தானே என்று நினைத்துப் போன தென்னிந்தியர்களை இரவுக் குளிர் நடுக்கியிருக்கிறது. பின்னிரவில் பத்து டிகிரிக்கும் கீழே இறங்கும். உடம்பு ஈரமாக இருந்தால் நின்ற இடத்தில் பல் தந்தியடிக்கும். 2019-இல் எதிர்காற்றும் சேர்ந்துகொண்டது. சாப்பாடு இன்னொரு சோதனை: சைவர்கள் உருளைக்கிழங்கு மசியலையும் ரொட்டியையும் நம்பி நான்கு நாள் ஓட்ட வேண்டியிருக்கும்.

அங்கே ஓட்டத்தைத் தாங்குபவர்கள் வழியோர ஊர்க்காரர்கள். வீட்டு வாசலில் மேசை போட்டுக் காப்பி, சூப், தோசைபோல் மெல்லிய க்ரெப் வைத்துக்கொண்டு இரவெல்லாம் விழித்திருப்பார்கள். காசு வாங்குவதில்லை. ஊருக்குத் திரும்பியதும் ஒரு தபால் அட்டை போடுங்கள் என்று மட்டும் கேட்கும் வீடுகள் உண்டு. சிறுவர்கள் சாலையோரம் கையை நீட்டி நிற்பார்கள், கடந்து போகிறவர் தட்டிவிட்டுப் போக. பங்குனி உத்திரத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்களுக்கு வழியில் பானகமும் மோரும் ஊற்றும் நம் ஊர்க்காரர்களை அறிந்தவர்களுக்கு இதில் அந்நியம் ஒன்றும் இராது. தாத்தா காலத்திலிருந்து பார்த்துவந்த ஓட்டம் என்பதால், கடைசியில் தள்ளாடிக்கொண்டு வருபவருக்குக்கூட ‘தைரியம்!’ என்ற குரல் கிடைக்கும்.

இந்தியாவில் பிரெவேக்களை ஒருங்கிணைப்பது ஆடாக்ஸ் இந்தியா ரேண்டனர்ஸ். மும்பை, புனே, பெங்களூரு, சென்னை, கோவை உள்ளிட்ட நகரங்களின் சைக்கிள் குழுக்கள் அதன்கீழ் ஓட்டங்களை நடத்துகின்றன. தமிழ்நாட்டுப் பருவத்தை வெயிலும் காற்றும் வகுக்கின்றன. நவம்பரிலிருந்து ஜனவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போகிறவரை அது முதுகில் தள்ளும். மாமல்லபுரம் தாண்டி, மரக்காணம் உப்பளங்களைக் கடந்து புதுச்சேரிப் பக்கம் போகும்வரை, தனக்கே இவ்வளவு வேகமா என்று வியந்துகொண்டு போகிறார் புதியவர். திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் கைவைத்து நிறுத்தும். போகும்போது சம்பாதித்த நேரத்தை வரும்போது வட்டியோடு கட்ட வேண்டும். பிப்ரவரிக்குப் பிறகு பகல் ஓட்டம் கடினம். மாலையில் கிளம்பி இரவைத் தாண்டும் ஓட்டங்கள் அதற்காகத்தான். உள்மாவட்டங்களில் மலைகள் அழைக்கின்றன: 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட ஏற்காடு, 36 வளைவுகளின் கல்லட்டி, 40 வளைவுகளின் வால்பாறை, 70 வளைவுகளின் கொல்லிமலை. ஏறுவது பயமில்லை, வியர்த்த உடம்போடு இருட்டில் இறங்குவதும், வளைவுக்கு வளைவு பிரேக் சூடேறுவதும்தான் பயம்.

சாலையோர டீக்கடையில் முதல் கேள்வி ‘எங்கிருந்து வர்றீங்க?’. அடுத்தது ‘பஸ் கிடைக்கலையா?’. மூன்றாவது ‘ஜெயிச்சா எவ்வளவு குடுப்பாங்க?’. ஒன்றும் கொடுக்கமாட்டார்கள், பதிவுக் கட்டணம் நாம்தான் கட்ட வேண்டும், பதக்கம் வேண்டுமென்றால் அதற்கும் தனியாகக் காசு என்று சொன்னால் டீ மாஸ்டரின் முகத்தில் தோன்றும் இரக்கம், இந்த விளையாட்டைப் பற்றிய நியாயமான விமர்சனம். சைக்கிள் நம் ஊரில் நெடுங்காலம் கட்டாயத்தின் வாகனம். விருப்பத்தின் பேரில் ஒருவர் ஹெல்மெட்டும் பளிச்சிடும் மேல்சட்டையும் மாட்டிக்கொண்டு 300 கி.மீ. மிதிப்பதை, வேலைக்குச் சைக்கிளில் போய் வரும் ஒருவர் புரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் அதே கடைக்காரர்தான் மூடிய கதவைத் திறந்து பால் சூடாக்கித் தருகிறார். பெஞ்சில் படுக்க இடம் கொடுத்துவிட்டு, எத்தனை மணிக்கு எழுப்ப வேண்டும் என்று கேட்கிறார்.

சேர்வது எப்படி? பெரும்பாலான குழுக்களில் வார இறுதி விடிகாலை ஓட்டம் உண்டு. 30, 50, 100 கி.மீ. என்று பழகி, ஒருநாள் 100-ஐ அலுப்பின்றி முடிக்க முடிந்தால் 200-க்குப் பதியலாம். மணிக்கு 20 கி.மீ.க்கு மேல் வேகம் தேவையில்லை. நிற்கும் நேரத்தைக் குறைக்கத் தெரிந்தால் போதும். டீக்கு நின்ற இடத்தில் நாற்பது நிமிடம் அரட்டையில் கரைவதுதான் முதல் ஓட்டக்காரர்கள் செய்யும் பொதுவான தவறு. முன்விளக்கு, பின்விளக்கு, மாற்று பேட்டரி, ஒளி திருப்பும் மேல்சட்டை, ஹெல்மெட், இரண்டு ட்யூப், ஒட்டுப்பொட்டலம், பம்ப், சிறு கருவிகள் ஆகியவை கிளம்பும் முன் சோதிக்கப்படும். விளக்கு எரியாதவரை இரவு ஓட்டத்தில் விடுவதில்லை. பஞ்சர் ஒட்டப் பழகாமல் வருகிறவர்கள் நிறையப் பேர். வீட்டு மொட்டைமாடியில் டயரைக் கழற்றி மாட்டிப் பழகாதவர் அதை நள்ளிரவில் முள்காட்டோரம் கற்றுக்கொள்வார்.

பெண் ஓட்டக்காரர்களின் எண்ணிக்கை கூடிவருகிறது, ஆனாலும் ஒவ்வோர் ஓட்டத்திலும் அவர்கள் சிறுபான்மைதான். இரவுச் சாலையின் அச்சம் ஒரு காரணம். நெடுஞ்சாலைகளில் சுத்தமான கழிப்பறை இல்லாதது அதற்குக் குறையாத காரணம். இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து ஓட்டுவதும், பெட்ரோல் பங்குகளை முன்கூட்டிக் குறித்துவைப்பதும் அவர்கள் கண்டுகொண்ட வழிகள். நடத்தும் குழுக்கள் சோதனை நிலையங்களைத் தேர்ந்தெடுக்கும்போதே இதைக் கணக்கில் எடுக்க வேண்டும். எல்லாக் குழுக்களும் எடுப்பதில்லை.

ஓட்டத்தை நடத்துபவர்களுக்குச் சம்பளம் இல்லை. கிளம்புமிடத்தில் விடிகாலை அட்டை கொடுப்பவரும், 200-ஆவது கி.மீ.யில் மரத்தடியில் நாற்காலி போட்டு முத்திரை குத்துபவரும், கடைசி ஆள் வரும்வரை விழித்திருப்பவரும் வேறொரு வாரம் ஓட்டக்காரர்கள்தான். வருஷத்துக்கு ஒருமுறையாவது நாற்காலிப் பக்கம் உட்கார வேண்டும் என்பது பல குழுக்களில் எழுதாத வழக்கம். கெடு தாண்டி இரண்டு நிமிடம் கழித்து வருகிறவரிடம் அட்டையை வாங்கி ‘டி.என்.எஃப்.’ என்று எழுதுவதும் அவர்கள் வேலை. 398 கி.மீ. ஓட்டியவரும் முடிக்காதவர்தான். அவருக்குத் தண்ணீர் கொடுத்து, வண்டி ஏற்பாடு செய்து, ஆறுதல் சொல்லலாம். முத்திரை மட்டும் குத்த முடியாது. அங்கே இளகிவிட்டால், உரிய நேரத்தில் வந்தவருடைய அட்டைக்கும் மதிப்பிருக்காது.

இந்தியச் சூழலில் ஒரு நோயும் தலைகாட்டுகிறது. ஒரு பருவத்தில் எத்தனை முறை சூப்பர் ரேண்டனர் ஆனோம் என்று எண்ணிக்கொண்டு, உடம்பு ஆறுவதற்குள் வாராவாரம் 400, 600 என்று ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். வரிசை எண் இல்லாத விளையாட்டில் வரிசை எண்ணைப் பின்வாசல் வழியாகக் கொண்டுவரும் வேலை இது. முட்டி தேய்கிறது, வீட்டில் சண்டை வருகிறது, தூக்கக் கடனோடு நெடுஞ்சாலையில் இறங்குகிறார்கள். வருஷத்துக்கு நான்கே ஓட்டம் ஓட்டி, இருபது வருஷம் ஓட்டுகிறவர்கள் பிரான்சில் நிறைய. அவர்களில் பலர் எழுபதைத் தாண்டியவர்கள். பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் சாலையில் இளைஞர்களைச் சத்தமில்லாமல் தாண்டிப்போவதும் அவர்கள்தான்.

ஓட்டம் முடிந்த பிறகு அட்டைகள் சரிபார்க்கப்படுகின்றன. முத்திரைகளும் சீட்டுகளும் நேரமும் பொருந்தியிருந்தால், நடத்திய குழு முடிவுகளைப் பாரிஸில் உள்ள ஆடாக்ஸ் சங்கத்துக்கு அனுப்புகிறது. அங்கே ஒவ்வொருவருடைய ஓட்டமும் பதிவாகி, அதற்கென்று தனி எண் ஒன்று கிடைக்கும். அதன் பிறகுதான் பிரெவே அதிகாரபூர்வமாக முடிந்ததாகக் கணக்கு. இதற்குச் சில வாரங்கள் ஆகும். எண் ஒட்டிய அட்டை ஓட்டக்காரரிடம் திரும்பி வரும்போது, வியர்வையில் மசி கரைந்த சில முத்திரைகளைப் படிக்க முடியாமலும் இருக்கும்.